எந்த நாட்டு ஸ்பேனர்

பஸ் பணிமனையில் எல்லோருக்கும் அவள் அண்ணிதான். அவளைவிட வயதில் மூத்த ஃபோர்மேனுக்கும் அண்ணி, போன மாதம் சேர்ந்த எலக்ட்ரீஷியனுக்கும் அண்ணி. அவளுடைய கணவரின் தம்பி அங்கே மெக்கானிக்காக இருந்தான். அவள் வேலைக்கு வந்த முதல் நாளிலேயே அவன் எல்லோர் முன்னாலும் "அண்ணி, இங்க வாங்க" என்று கூப்பிட்டுவிட்டான். மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அவளுக்கு வேறு ஒரு பெயர் உண்டு என்பது சம்பள நாளில் மட்டும்தான் யாருக்காவது ஞாபகம் வரும்.

அந்தத் தம்பிக்கும் பெயர் போய் வெகுநாளாகிவிட்டது. அவனை எல்லோரும் ஜெர்மன் என்றே கூப்பிட்டார்கள். வரைபடத்தை விரித்து வைத்து அந்த நாட்டைக் காட்டச் சொன்னால் அவன் திணறித்தான் போவான். ஆனால் ஸ்பேனரின் முதுகில் அந்த நாட்டின் பெயர் பொறித்திருந்தால்தான் தொடுவான். வேறு எதையாவது நீட்டினால் செத்த எலியைத் தூக்குவதுபோல இரண்டு விரலால் தூக்கி, ஜன்னல் பலகையிலேயே திரும்ப வைத்துவிடுவான்.

ஜன்னல் என்பது டூல் ரூமின் ஜன்னல். டயர் அடுக்குகிற இடத்துக்கும் பேட்டரி அறைக்கும் நடுவில் சின்னதாக ஓர் அறை. சுவர் முழுக்க ஆணிகள். ஒவ்வோர் ஆணியிலும் ஒரு கருவி. மெக்கானிக் தன் எண் பொறித்த பித்தளை வில்லையைப் பலகையில் வைப்பான். அவள் கேட்ட கருவியை எடுத்துக் கொடுத்துவிட்டு, அந்த ஆணியில் வில்லையை மாட்டுவாள். சாயங்காலம் கருவி திரும்பி வந்ததும் வில்லை அவனுக்குப் போகும். வேலை அவ்வளவுதான். பார்க்கிறவர்களுக்கு உட்கார்ந்து சாப்பிடுகிற உத்தியோகம்.

அப்படி உட்காருவதற்காகத்தான் அவள் அங்கே வந்திருந்தாள். அதற்கு முன் பல வருஷம் கழுவுமிடத்தில் இருந்தாள். கழற்றிய கியர் பாகங்களை டீசல் தொட்டியில் போட்டு பிரஷ்ஷால் தேய்க்கிற இடம். நாள் முழுக்க நிற்க வேண்டும், தரையில் எப்போதும் எண்ணெய்த் தண்ணீர். கையுறை கொடுப்பார்கள், அது ஒரு வாரத்தில் கிழியும், அடுத்தது வர ஒரு மாதம் ஆகும். விரல் இடுக்குகள் வெடித்து, வீட்டில் உப்பைத் தொட்டாலே கண்ணில் தண்ணீர் வந்துவிடும். பிறகு முட்டி போனது. மாடிப்படி ஏறும்போது இரண்டு முட்டிகளும் தனித்தனியாகச் சத்தம் போட்டன. டூல் ரூமில் இருந்த பெரியவர் ஓய்வு பெற்றபோது, அவள் நேராக மேனேஜர் அறைக்குப் போய் அந்த இடத்தைக் கேட்டாள். அவள் வாழ்க்கையில் வாய்விட்டுக் கேட்டு வாங்கிய ஒரே பொருள் அந்த நாற்காலி. இரும்பு நாற்காலி. ரெக்ஸின் கிழிந்திருக்கும், ஒரு கால் குட்டை. அட்டையை மடித்து அதன் அடியில் வைத்துக்கொண்டாள்.

உட்கார இடம் கிடைத்தது. கூடவே ஒரு தலைவலியும் வந்தது.

"பத்தொன்பதாம் நம்பர் ஸ்பேனர் குடுங்க அண்ணி" என்று வருவார்கள். எடுத்து நீட்டினால் வாங்க மாட்டார்கள். "எந்த நாடு?" என்று கேட்பார்கள். ஒரு நாளில் அந்தக் கேள்வியை எத்தனை முறை கேட்டிருப்பாள் என்று கணக்கில்லை. திருப்பித் திருப்பி முதுகைப் படித்துச் சொல்லிக் கண் வலித்ததால், ஒரு மத்தியான வேளையில் உட்கார்ந்து ஜெர்மன் கருவிகளின் பிடியில் சிவப்பு பெயின்டும் சைனா கருவிகளின் பிடியில் நீல பெயின்டும் பூசிவிட்டாள். அதற்குப் பிறகு யாரும் நாடு கேட்கவில்லை. "சிவப்பு குடுங்க அண்ணி" என்றார்கள்.

அவர்கள் பயப்பட ஒரு நியாயமும் இருந்தது. முன்பு இருந்த மேனேஜர் ஒருமுறை நடைபாதையில் குவித்து வைத்து விற்கிற சாமானை மொத்தமாக அள்ளிக்கொண்டு வந்தார். அத்தனையும் சைனா. முதல் நாளே ஒரு ஸ்பேனரின் வாய் பிஸ்கெட் மாதிரி உடைந்து விழுந்தது. உடைந்த துண்டை ஃபோர்மேன் கம்பியில் கட்டி, பஸ்ஸுக்கு அடியில் இறங்கி வேலை பார்க்கிற மூன்றாவது குழிக்கு மேலே தொங்கவிட்டார். அது இன்றைக்கும் தொங்குகிறது. யாராவது சைனா சாமானுக்குப் பரிந்து பேசினால் அவர் வாயைத் திறக்க மாட்டார். தலையை நிமிர்த்தி அதைப் பார்ப்பார், அவ்வளவுதான்.

பிறகு வந்த மேனேஜர் புதிதாக வாங்கலாம் என்றபோது அவளையும் கடைக்கு அழைத்துப் போனார். அவள் பையில் பழைய போல்ட் ஒன்றைப் போட்டுக்கொண்டு போனாள். ஜெர்மன் பெட்டியின் விலையைக் கேட்டதும் மேனேஜர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கடைக்காரர் வேறு பெட்டிகளைத் திறந்தார். நடைபாதைக் குவியலும் சைனாவில்தான் செய்வது, இந்தப் பெட்டியும் அங்கேதான் செய்வது, ஒரே தெருவில் நன்றாகத் தைக்கிற தையல்காரரும் இருப்பார், துணியைக் கெடுக்கிறவரும் இருப்பார் இல்லையாம்மா என்றார். அவள் போல்டைக் கடையின் வைஸ் இடுக்கியில் இறுக்கச் சொல்லி, ஒவ்வொரு ஸ்பேனராக மாட்டி, தன் எடை முழுவதையும் போட்டு இழுத்துப் பார்த்தாள். சிலவற்றை ஒதுக்கினாள், ஒரு பெட்டியை எடுத்தாள். அந்தப் பெட்டிதான் நீலப் பிடி.

நீலப் பிடிகள் ஆணியில் எண்ணெய்ப் பளபளப்புடன் தொங்கிக்கொண்டே இருந்தன. சிவப்புப் பிடிகள் ஓடி ஓடி உழைத்தன. அவை நல்ல சாமான், அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. நல்ல சாமான் என்பதால்தான் அத்தனை வருஷம் தாங்கின. பிடியில் பைப்பை மாட்டி இரண்டு பேர் தொங்கினாலும் தாங்கின, சுத்தியலாக அடித்தாலும் தாங்கின. ஆனால் இரும்புக்கும் முட்டி தேயும். புது போல்ட் ஒன்றை இடது கையில் பிடித்து, ஸ்பேனரின் வாயில் அதைக் கொடுத்து, வலது கையால் ஆட்டிப் பார்ப்பாள். ஆடினால் வாய் விரிந்துவிட்டது என்று அர்த்தம். உடனே கழுத்தில் கழிவு அடையாளமாக மூன்று புள்ளி பஞ்ச் அடித்துக் கழிவு டிரம்மில் போட்டுவிடுவாள்.

அந்த டிரம்மில் சைனா போனால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஜெர்மன் போனால் சாவு வீடு மாதிரி வந்து நிற்பார்கள். "உயிர் இருக்கு அண்ணி, அதுக்குள்ள புதைக்கிறீங்களே" என்பார் ஃபோர்மேன். மறுநாள் காலையில் டிரம்மில் அது இருக்காது. முதலில் கத்திப் பார்த்தாள். பிறகு தேடிப் பார்த்தாள். பிறகு டிரம்முக்குள் எட்டிப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். வீட்டில் ஒரு குடும்பத்தோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து, இங்கே இன்னொரு குடும்பத்தோடு மல்லுக்கட்ட அவளிடம் தெம்பு இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் ஜெர்மனின் கை உடைந்தது.

பஸ்ஸின் அடியில் மூன்றாவது குழிக்குள் நின்றுகொண்டு, இன்ஜினில் இருந்து பின் சக்கரத்துக்குப் போகிற நீளத் தண்டின் இணைப்பில் இருக்கிற போல்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தான். துருப்பிடித்த போல்ட். பலம் கொண்ட மட்டும் இழுத்தபோது ஸ்பேனர் வழுக்கி, அதே வேகத்தில் மணிக்கட்டு இரும்புச் சட்டத்தில் போய் மோதியது. அவன் போட்ட சத்தத்தில் பக்கத்துக் குழியில் இருந்தவன் மேலே ஏறி ஓடினானாம். தூக்கிக்கொண்டு போய் ஆட்டோவில் ஏற்றுவதற்குள், பணிமனை முழுக்க ஒரே பேச்சு. "சைனா ஸ்பேனர். சொன்னா யார் கேக்குறாங்க?" அதைக் கண்ணால் பார்த்தவர் யாரும் இல்லை. பார்க்கத் தேவையும் இல்லை. வழுக்கினால் அது சைனா.

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு, திரும்பி வராத கருவிகளைப் பொறுக்க அவள் குழிக்குள் இறங்கினாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக. ஸ்பேனர் ஓரத்தில் எண்ணெய்க் கறையில் கிடந்தது. துடைத்தாள். பிடியில் சிவப்பு. கழுத்தில் மூன்று புள்ளிகள் இருந்த இடத்தை யாரோ அரத்தால் ராவியிருந்தார்கள். ஆனாலும் பள்ளம் முழுசாகப் போகவில்லை; விரலால் தடவினால் மூன்றும் தெரிந்தன. அவளே பஞ்ச் அடித்து டிரம்மில் போட்டது. கொழுந்தன் அதைப் பொறுக்கி, ராவி, தன் சொந்தப் பெட்டியில் வைத்திருந்திருக்கிறான். அவள் அதை முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து, மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள்.

வீட்டில் அவன் வலது கை முழங்கை வரை மாவுக்கட்டோடு படுத்திருந்தான். அண்ணன் தம்பி இருவர் குடும்பமும் ஒரே வீடு. அவளுடைய கணவர் தொலைதூர லாரி ஓட்டுகிறவர். போன மாதம் போனவர் இன்னும் வரவில்லை. ஓரகத்தி தன் புருஷனுக்கு ஊட்டிவிட்டுக்கொண்டே, சுவரைப் பார்த்துச் சொல்வதுபோலச் சொன்னாள். "மலிவா கிடைக்குதுன்னு வாங்கிப் போட்டா, கை யாருக்குப் போகுது? வாங்கினவங்களுக்கா போகுது?"

அவன் மெல்லுவதை நிறுத்தினான். அண்ணியைப் பார்க்கவில்லை. அவள் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அடுத்த நாள் மத்தியானம் ஓரகத்தி கடைக்குப் போயிருந்தபோது, அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஸ்பேனர் தன்னிடம் இருக்கிறது என்றாள். அவன் கூரையைப் பார்த்தான்.

"டிரம்மில இருந்து எடுத்ததுன்னு தெரிஞ்சா கம்பெனி கை கழுவிடும் அண்ணி. வைத்தியமும் கிடையாது, லீவுக்குச் சம்பளமும் கிடையாது. ரூல் அப்படி."

"என் மேல போடுவாங்க, தெரியுமா? நான் வாங்கின சாமான்னுதான் எல்லாரும் பேசுறாங்க."

"உங்கள என்ன பண்ணிடுவாங்க? திட்டுவாங்க. அவ்வளவுதானே."

"திரும்பக் கழுவுமிடத்துக்கு அனுப்புவாங்க தம்பி."

அதெல்லாம் அனுப்ப மாட்டார்கள் என்றான். சொல்லும்போது அவன் குரலில் நம்பிக்கை இல்லை. அவளுக்கும் இல்லை.

விசாரணை மேனேஜர் அறையில் நடந்தது. மேனேஜர் கெட்டவர் அல்ல, தூக்கம் போதாதவர். எந்த நேரமும் ஏதோ ஒரு பஸ் எங்கேயோ நின்றுபோயிருக்கும், ஃபோன் அடித்துக்கொண்டே இருக்கும். மேஜைக்கு இந்தப் பக்கம் ஃபோர்மேன், மாவுக்கட்டோடு ஜெர்மன், அவள். மேனேஜர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். நீலப் பிடிகளையெல்லாம் கட்டி ஸ்டோரில் போட்டுவிடலாம். கை சரியாகும் வரை ஜெர்மனுக்கு உட்கார்ந்து செய்கிற வேலை கொடுத்தாக வேண்டும். அப்படி ஒரே ஒரு வேலைதான் இருக்கிறது, டூல் ரூம். அண்ணி இப்போதைக்குக் கழுவுமிடத்துக்குப் போகட்டும். குற்றம் என்று யாரும் சொல்லவில்லை, இருந்தாலும் இந்த நேரத்தில் அவள் அங்கே இருப்பதும் நன்றாக இல்லை.

அவள் அதுவரை முடிவெடுத்திருக்கவில்லை. பையில் ஸ்பேனரைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாலும், எடுக்காமலே திரும்பிப் போய்விடலாம் என்றும் நினைத்திருந்தாள். கழுவுமிடம் என்ற சொல் காதில் விழுந்ததும் கை தானாகப் பைக்குள் போனது. மேஜை மேல் வைத்தாள்.

"அன்னைக்கு வழுக்கினது இதுதான் சார்."

மேனேஜர் எடுத்துத் திருப்பினார். முதுகைப் படித்தார். "இது ஜெர்மன்மா."

"ஆமா சார். அதுதான்."

"இல்லம்மா, நான் கேக்கறது அன்னைக்குக் கைய உடைச்ச ஸ்பேனர்."

"இதுதான் சார் உடைச்சுது. முதுகைப் பார்க்காதீங்க. வாயைப் பாருங்க."

ஃபோர்மேன் சிரித்தேவிட்டார். கெட்ட எண்ணத்தோடு அல்ல, நல்ல ஜோக் ஒன்றைக் கேட்டவர்போல. "ஜெர்மன் எப்படி அண்ணி வழுக்கும்? குழியில ஆயிரம் சாமான் கிடக்கும். ஏதோ ஒண்ணைக் கொண்டு வந்து வச்சிருக்கீங்க." வாய் கொஞ்சம் விரிந்திருக்கிறதுதான் என்று அவரே ஒத்துக்கொண்டார். அதற்காக வழுக்கிவிடுமா? அந்த இரும்பு அப்படிப்பட்டதா? அவர் அதை எடுத்து எடை பார்ப்பதுபோல உள்ளங்கையில் ஏந்தினார். மேனேஜருக்கும் அதுதான் சரியாகப் பட்டது. இருந்தாலும் ஒப்புக்காக ஜெர்மனைத் திரும்பிப் பார்த்தார். "நீ சொல்லுப்பா. இதா?"

அவன் தன் மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கீழ இருட்டா இருந்துச்சு சார். கவனிக்கல."

ஃபோன் அடித்தது. மேனேஜர் எடுத்தார். அவள் எழுந்து வெளியே வந்தாள். கோபம் வந்திருக்க வேண்டும். கோபப்படவும் ஒரு தெம்பு வேண்டும். சாவியை ஜன்னல் பலகையில் வைத்துவிட்டு, கிழிந்த கையுறை ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டு கழுவுமிடத்துக்குப் போனாள்.

ஒரு வாரத்தில் விரல் இடுக்குகள் பழையபடி வெடித்தன. இரண்டாவது வாரத்தில் வீட்டில் வெங்காயம் உரிக்க முடியவில்லை. அவள் கத்தியை வைத்துவிட்டுக் கையை உதறிக்கொண்டு நின்றதை ஓரகத்தி பார்த்தாள். வந்து கத்தியை எடுத்துக்கொண்டாள். அன்று சாப்பிடும்போது தன் புருஷனைப் பார்த்து, "அண்ணி உங்ககிட்ட ஏன் பேசறதில்ல?" என்று கேட்டாள். இடது கையால் கரண்டியைப் பிடிக்கத் தெரியாமல் தடுமாறுகிறவன்போல அவன் தட்டிலேயே குனிந்துகொண்டான். ஓரகத்தி விவரம் தெரிந்தவள். அந்த நாளுக்குப் பிறகு சைனா என்ற சொல்லை அவள் அந்த வீட்டில் எடுக்கவில்லை.

பணிமனையில் அவன் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். கழுவுமிடத்தில் இருந்து பார்த்தால் முற்றத்தைத் தாண்டி ஜன்னல் தெரியும். முதல் சில நாள் அங்கே ஒரே சிரிப்பும் அரட்டையுமாக இருந்தது. ஜெர்மனே ஜெர்மன் கொடுக்கிறான் என்றார்கள். பிறகு அரட்டை குறைந்தது. அவன் ஒவ்வொரு ஸ்பேனரையும் கொடுப்பதற்கு முன் நின்று யோசிப்பது அவளுக்குத் தெரிந்தது. போல்டைக் கையில் எடுப்பான். இடது கையில் போல்டைப் பிடித்தால் ஸ்பேனரைப் பிடிக்கக் கை இல்லை. ஸ்பேனரைப் பிடித்தால் போல்டைப் பிடிக்கக் கை இல்லை. ஒருமுறை போல்டை முட்டிகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு பார்த்தான். அது நழுவி உருண்டு, அவன் மேஜைக்கு அடியில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து தேடினான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் பிரஷ் கொஞ்ச நேரம் நின்றது.

சண்டை வந்த நாள் வெயில் கடுமை. டிங்கர் என்று கூப்பிடுகிற ஒரு மெக்கானிக், அதே மூன்றாவது குழியில் அதே மாதிரி தண்டின் போல்டுகளைக் கழற்ற, பத்தொன்பதாம் நம்பர் சிவப்பு கேட்டு வந்து நின்றான். ஜெர்மன் ஒன்றை எடுத்தான், வைத்தான். இன்னொன்றை எடுத்தான், வைத்தான். சிவப்பு தர முடியாது என்றான். ஸ்டோரில் கட்டிப் போட்டதை அவிழ்த்து நீலம் தருகிறேன் என்றான்.

டிங்கர் குரலை உயர்த்தினான். கை போனவனே சைனாவைக் கொடுக்கிறானே, தன் கை போனது போதாதென்று ஊரார் கையையும் ஒடிக்கப் பார்க்கிறானா என்று நாலு பேர் கேட்கச் சொன்னான். கூட்டம் சேர்ந்தது. ஃபோர்மேன் வந்தார். வழக்கம்போல நிமிர்ந்து கம்பியில் தொங்குகிற துண்டைப் பார்த்தார்.

"அதப் பார்க்காதீங்க" என்றான் ஜெர்மன். மாவுக்கட்டை ஜன்னல் பலகையில் தூக்கி வைத்தான். "இதப் பாருங்க. இத உடைச்சது ஜெர்மன்தான். டிரம்மில இருந்து நான்தான் எடுத்தேன். புள்ளியை நான்தான் ராவினேன். அண்ணி சொன்னது நிஜம்."

ஃபோர்மேன் அவன் தோளில் தட்டினார். "வீட்ல சாப்பாடு சரியா கிடைக்கல போல. அண்ணி கால்ல விழுந்துட்டுப் போக வேண்டியதுதானே, இதுக்கு எதுக்குய்யா ஜெர்மனி மேல பழி போடுற?"

சிரிப்பு தகரக் கூரையில் மோதித் திரும்பியது. டிங்கர்தான் அதிகமாகச் சிரித்தான்.

ஜெர்மன் ஜன்னல் கதவை இழுத்துச் சாத்தினான். பூட்டினான். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நேராக மேனேஜர் அறைக்குப் போனான். உள்ளே என்ன பேசினான் என்பதைப் பிறகு அவனே சொன்னான். எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான், டிரம், அரம், பெட்டி எல்லாம். மேனேஜர் கண்ணைக் கசக்கிக்கொண்டு, அது முடிந்துபோன விஷயம், எழுதி மேலே அனுப்பியாகிவிட்டது, இப்போது போய் மாற்றினால் தனக்குத்தான் கேள்வி வரும், அண்ணிக்காக இப்படியெல்லாம் பேசுவது நல்ல மனசுதான், ஆனால் வேலையைப் பார் என்றாராம். அவன், தன்னால் அந்த வேலையைப் பார்க்க முடியாது, வாய் பார்க்காமல் ஒரு ஸ்பேனரும் வெளியே போகாது, வாய் பார்க்க இரண்டு கை வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான்.

அங்கேயிருந்து முற்றத்தைக் கடந்து கழுவுமிடத்துக்கு வந்தான். அவள் தலை நிமிரவில்லை. அவன் டீசல் தொட்டியின் ஓரத்தில் நின்றான்.

"அண்ணி. கொஞ்சம் வரணும்."

"எதுக்கு?"

"வாய் பார்க்க. ஒத்தைக் கையால முடியல."

அவள் ஒரு கியரைத் தூக்கி டீசல் வடிய விட்டாள். "ஏன், உள்ள இருட்டா இருக்கா தம்பி?"

அவன் அந்தக் குத்தலை வாங்கிக்கொண்டான். "உண்மையைச் சொன்னாலும் ஒருத்தனும் நம்ப மாட்டேங்கறான்" என்றான். "இப்படின்னு தெரிஞ்சிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. அது சந்தோஷச் சிரிப்பும் இல்லை. நெடுநாள் வலித்த பல் ஆட ஆரம்பித்ததும் வருகிற மாதிரி ஒரு சிரிப்பு. ஆனாலும் அவள் எழுந்து போகவில்லை. மேனேஜர் சொல்லட்டும் என்றாள். கேட்டு வாங்கிய நாற்காலி, ஒருமுறை பறிபோயிற்று. இரண்டாவது முறை போய் நிற்க அவளால் ஆகாது.

ஜன்னல் சாத்தியே இருந்தது. குழிகளின் மேல் பஸ்கள் நின்றன, கழற்றியது பாதி, மாட்டாதது பாதி. மெக்கானிக்குகள் டயர் மேல் உட்கார்ந்து டீ குடித்தார்கள். ஜெர்மன் சாவியைத் தர மாட்டேன் என்று கழுவுமிடத்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். மத்தியானத்துக்கு மேல் மேனேஜரே வந்தார். காதில் ஃபோன், ஒரு கையால் அதை மூடிக்கொண்டு, "போம்மா, ஜன்னலைத் திற. இப்போதைக்கு ரெண்டு பேரும் பாருங்க" என்றார். இப்போதைக்கு அனுப்பினார், இப்போதைக்கு அழைத்தார். அவளுடைய வேலை எல்லாமே அந்த ஒரு சொல்லின் மேல்தான் நின்றுகொண்டிருந்தது.

அறையில் அவன் நாற்காலியைத் துடைத்துவிட்டு ஒதுங்கினான். ஒரு பழைய பெட்டியை இழுத்துப் போட்டு அதன் மேல் தான் உட்கார்ந்துகொண்டான். குட்டைக் காலுக்கு அடியில் இருந்த அட்டை எங்கேயோ போயிருந்தது. அவள் உட்கார்ந்ததும் நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது. சாய்ந்தபடியே உட்கார்ந்தாள்.

ஒவ்வொன்றாக அவன் எடுத்துக் கொடுத்தான். அவள் போல்டை வைத்து ஆட்டிப் பார்த்தாள். வெடித்த விரல்களில் இரும்பு எரிந்தது. சிவப்பில் பாதிக்கு மேல் ஆடின. மூன்று புள்ளி, டிரம். சில சிவப்புகள் பிடித்த பிடியை விடவில்லை. இத்தனை அடி வாங்கியும் புதுசு மாதிரி வாய். அவற்றை அவள் மரியாதையோடு ஆணியில் மாட்டினாள். பிறகு நீலக் கட்டை அவிழ்த்தார்கள். எல்லாம் கச்சிதமாக உட்கார்ந்தன, ஒன்றைத் தவிர. அதை யாரும் தொட்டதே இல்லை, பெயின்ட்கூட உரியவில்லை. ஆனால் வாய் லேசாக ஆடியது. கடையில் எல்லாவற்றையும் இழுத்துப் பார்த்தாளே, இதை எப்படி விட்டாள்? அவன் பார்த்துக்கொண்டிருந்தான். அவளும் அவன் பார்ப்பதைப் பார்த்தாள். அதன் கழுத்திலும் மூன்று புள்ளி அடித்து, அதே டிரம்மில் போட்டாள்.

டிங்கர் திரும்ப வந்து நின்றபோது ஜெர்மன்தான் எழுந்து ஜன்னலுக்குப் போனான். நீலத்தை நீட்டினான். டிங்கர் முகத்தைச் சுளித்தான்.

"சைனாதான்" என்றான் ஜெர்மன். "எனக்கும் பிடிக்கலதான். வாய் நல்லா இருக்கு, பேசாம போ."

டிங்கர் முணுமுணுத்துக்கொண்டே போனான். கொஞ்ச நேரத்தில் குழியில் இருந்து போல்டுகள் தட்டில் விழுகிற சத்தம் கேட்டது. ஒன்று, பிறகு ஒன்று. நன்றாக இருந்தது என்று டிங்கர் சொல்லவில்லை. சாயங்காலம் வில்லையை வாங்கிக்கொண்டு போகும்போதும் சொல்லவில்லை. நாளைக்கு வந்து சிவப்புதான் கேட்பான் என்று அவளுக்குத் தெரியும்.

எல்லோரும் போன பிறகு ஃபோர்மேன் டிரம் பக்கம் வந்தார். யாரும் இல்லை என்று நினைத்திருப்பார். உள்ளே கையை விட்டு ஒரு சிவப்புப் பிடியை எடுத்து, சட்டை நுனியால் முதுகைத் துடைத்துப் படித்தார். நிமிர்ந்தபோது ஜன்னலில் அவள் இருந்தாள்.

பழைய நாளாக இருந்தால் அவள் வேறு பக்கம் பார்த்திருப்பாள்.

"எடுத்துக்கோங்க" என்றாள். "வீட்ல ஆணி அடிச்சு மாட்டி வைங்க, அழகா இருக்கும். பஸ் அடியில மட்டும் கொண்டு போகாதீங்க."

ஃபோர்மேன் கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு டிரம்மிலேயே போட்டார். போடவில்லை, சத்தம் வராமல் உள்ளே இறக்கி வைத்தார். போகிற வழியில் கம்பியில் தொங்குகிற துண்டைப் பார்த்தாரா என்று அவள் கவனிக்கவில்லை. ஜெர்மன் எங்கிருந்தோ ஓர் அட்டையைக் கிழித்துக் கொண்டு வந்து, பல்லால் பிடித்து, ஒரு கையால் மடித்துக்கொண்டிருந்தான். குனிந்து நாற்காலியின் காலுக்கு அடியில் தள்ளினான். மூன்றாவது முயற்சியில் உள்ளே போனது.

"சரியா இருக்கா அண்ணி?"

அவள் உடம்பைக் கொஞ்சம் அசைத்துப் பார்த்தாள். இன்னும் லேசாக ஆடியது.

"இருக்கட்டும்" என்றாள்.